ஜோடி வால்நட் கன்று வாங்கினேன், வளர்ந்தது ஒதிய மரம்

மாதவரம் தாண்டிச் செங்குன்றம் போகிற சாலையில் நர்சரிகள் நிறைய. பெரும்பாலானவர்கள் நாணயமானவர்கள், என் வீட்டுக் கொய்யாவும் எலுமிச்சையும் அங்கே வாங்கியவைதான். ஆனால் அவர்களில் யாராவது வால்நட் கன்று என்று ஒன்றைக் காட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். கன்று ஜோடிக்கு 3,600 ரூபாய், உரத்துக்கு 600, அதற்கு மேல் ஐஸ் செலவு. ஐஸ் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2022 ஆடி மாதம் ரோஜாத் தொட்டி வாங்கப் போயிருந்தேன். தினமும் நான்கு வால்நட் சாப்பிடும்படி என் மனைவியிடம் மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் திருவொற்றியூர் மளிகைக்காரர் இன்றும் அதை அக்ரூட் என்றுதான் சொல்வார், கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவார். அந்த எரிச்சலோடு போனவன் கண்ணில் ஒரு பலகை பட்டது: ‘காஷ்மீர் வால்நட் ஒட்டுக்கன்று, மூன்றே வருடத்தில் காய்ப்பு.’ கட்டைவிரல் பருமனில் குச்சிகள், நடுவில் பச்சை டேப் சுற்று, மேலே நாலைந்து இலைக்கொத்துகள்.

“ஆண் ஒன்று, பெண் ஒன்று சேர்த்துத்தான் வைக்க வேண்டும் சார், பப்பாளி மாதிரி” என்றார் விற்றவர். முதல் பொய் இதுதான். வால்நட்டில் ஒரே மரத்தில் ஆண் பூ சரமாகத் தொங்கும், பெண் பூ கிளை நுனியில் நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பக்குவமாவதில்லை என்பதால் பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் காய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஆண் கன்று, பெண் கன்று என்று எதுவும் கிடையாது.

ஆனால் அவர் ஓர் உண்மையும் சொன்னார். “பக்கத்தில் தக்காளி வைக்காதீர்கள், வால்நட் அதைப் பிழைக்க விடாது.” அன்றிரவே கைபேசியில் தேடினேன். சரியாகத்தான் இருந்தது. வால்நட்டின் வேரிலும் இலையிலும் ஜுக்லோன் என்ற பொருள் இருக்கிறது, தக்காளிக்கு அது நஞ்சு. அதோடு அந்த மனிதரை முழுதாக நம்பிவிட்டேன். என் மனைவி நம்பவில்லை என்பதைவிட, அவளுக்கு வேறு இடமில்லை. கன்றுக்கு இரண்டடி தள்ளித் தக்காளி வைத்தாள். அந்த வருடம் எங்கள் தெருவுக்கே தக்காளி கொடுத்தோம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

2023 பங்குனியில் இரண்டு கன்றுகளும் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டன. பதறிப்போய் நர்சரிக்கு போன் செய்தேன். “குளிர் தேடுகிறது சார், வேரில் ஐஸ் போடுங்கள்” என்றார். காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற உடைத்த ஐஸை வாளியில் வாங்கி, பதினெட்டு நாள், காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொட்டினேன். வீடு முழுவதும் மத்தி வாசனை. எதிர்வீட்டு அக்கா, “தம்பி, செடி நடுகிறீர்களா, கருவாடு போடுகிறீர்களா?” என்று கேட்டார்.

வால்நட்டுக்குக் குளிர் வேண்டும் என்பது மெய். குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே, ரகத்தைப் பொறுத்துப் பல நூறு மணி நேரம் தேவை. சில ரகங்களுக்கு ஆயிரத்துக்கும் மேல். அந்தக் குளிர் கிளையிலுள்ள மொட்டில் பட வேண்டும், வேரில் அல்ல. சென்னையில் மார்கழி விடியற்காலையே ஏறக்குறைய 20 டிகிரி. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானதில் மிகக் குறைவே 13.9 டிகிரிதான். அதாவது, அசல் காஷ்மீர்க் கன்றையே அவர் கொடுத்திருந்தாலும் இங்கே ஒழுங்காகத் துளிர்த்துக் காய்த்திருக்காது. வால்நட் இலை உதிர்வதும் குளிர் தொடங்கும்போது. வெயில் ஏறும் பங்குனியில் அல்ல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பின்புறம் முழங்கால் அளவுத் தண்ணீர், வடிய மூன்று நாள் ஆனது. கொய்யா செத்தது. நீர் தேங்கினால் வேர் அழுகும் மரம் என்று பெயர் எடுத்த ‘வால்நட்’ இரண்டும் சிரித்துக்கொண்டு நின்றன. நான் பெருமைப்பட்டேன்.

2025 பங்குனியில் இலையில்லாத கிளை நுனியில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடிப்பூக்கள் வந்தன. படம் அனுப்பினேன், நர்சரிக்காரர் வாழ்த்துச் சொன்னார். அந்த வாரம் செய்யாற்றிலிருந்து மாமனார் வந்திருந்தார். மரத்தைச் சுற்றி வந்தார், நகத்தால் பட்டையைக் கீறினார், உள்ளே சிவந்திருந்தது.

“மாப்பிள்ளை, இதை எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?”

சொன்னேன்.

“இது ஒதிய மரம். எங்கள் பக்கம் வேலிக்குக் கொம்பு வெட்டி ஊன்றுவோம், தானாகத் துளிர்க்கும்.” கொஞ்சம் தயங்கி, “ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்பார்களே, அந்த ஒதி” என்றார்.

டேப் சுற்றியிருந்த இடத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஒட்டிய தழும்பே இல்லை. ஒதியனுக்கும் வால்நட்டுக்கும் இறகு போல் அமைந்த கூட்டிலைதான், கைபேசிப் படத்தில் ஏமாறுவது எளிது. கையில் ஏமாற முடியாது. வால்நட் இலையைக் கசக்கினால் நெடியான ஒரு நறுமணம் வரும். சிறு குச்சியை நீளவாக்கில் பிளந்தால் நடுவிலுள்ள மென்மையான சோற்றுப்பகுதி ஏணிப்படி போல் அறை அறையாக இருக்கும். வாங்கும் முன் இந்த இரண்டையும் செய்து பார்க்க விற்பவர் விடவில்லை என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

பில்லோடு நர்சரிக்குப் போனேன். “மண் மாறினால் மரமும் மாறும் சார்” என்றார், முகம் மாறாமல். பில்லில் ‘கன்று – 2’ என்று மட்டும் இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தபோதும் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது அதுதான்: பில்லில் வால்நட் என்று எழுதியிருக்கிறதா? இல்லை. எந்தக் கன்று வாங்கினாலும் மரத்தின் பெயர், ரகம், ஒட்டா விதையா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் திரும்பி வாருங்கள்.

மாமனார் ஊருக்குப் போகும்போது நான்கு கொம்பு வெட்டி எடுத்துப் போனார், வேலிக்கு. அந்தப் பலகை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், ஜோடி 4,500 ரூபாய் ஆகியிருக்கிறது.