வாலை, வாளை, வாழை: எதை அளந்தால் மெய் பிடிபடும்?

ஒலிப்பதிவில் ஒரு மெய்யை அடையாளம் காண எதை அளப்பது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது வி.ஓ.டி.யைத்தான் (voice onset time). வாயில் அடைப்பு திறக்கும் கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் உள்ள இடைவெளி அது. 1964-ல் ஒலியியல் ஆய்வாளர்கள் லிஸ்கரும் ஏப்ராம்சனும் தமிழ் உட்பட 11 மொழிகளில் இதை அளந்து வெளியிட்டதிலிருந்து இதற்குத் தனி மவுசு. ஆங்கிலத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இந்தியில் குரலோடு வரும் 'ப'வையும், அதே ஒலி மூச்சோடு வருவதையும் இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டிலும் அடைப்பு திறக்கும் முன்பே அதிர்வு வந்துவிடுகிறது.

தமிழ் வல்லினத்துக்கு நான் நம்புவது அடைப்பின் நீளத்தை. 'பாடு', 'பாட்டு' இரண்டையும் பதிவுசெய்து, ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் மென்பொருளில் திறந்து பாருங்கள். 'பாடு'வில் நாக்கு சும்மா தட்டிவிட்டுப் போகிறது, அடியில் அதிர்வும் அறுபடாமல் ஓடுகிறது. 'பாட்டு'வில் நடுவே வெறும் மௌனம், அதுவும் இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக. வேகமாகப் பேசினால் எல்லாமே சுருங்கும் என்பதால், மில்லிசெகண்டை அப்படியே எடுக்காமல் பக்கத்து உயிரின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும்.

சரி, ல, ள, ழ? இங்கே நேரக்கணக்கு பெரிதாக உதவாது. மூன்றாம் ஃபார்மன்ட்தான் கைகொடுக்கும் (வாயறை வலுப்படுத்தும் அதிர்வெண் பட்டைதான் ஃபார்மன்ட், கீழிருந்து மேலாக எண்ணுவார்கள்). 'வாலை'யில் அது உயரத்திலேயே நிற்கும். 'வாழை'யில் சரிந்து இரண்டாம் ஃபார்மன்டை நெருங்கும், ஆண் குரலில் 2000 ஹெர்ட்சுக்குக் கீழேகூடப் போகும். அந்தச் சரிவு 'வா'வின் நெடிலிலேயே ஆரம்பித்துவிடுவதால், மெய்க்கு முந்தைய உயிரின் கடைசிப் பகுதியை அளப்பதே நல்லது. பெண்கள், குழந்தைகள் குரலில் ஃபார்மன்ட்கள் எல்லாமே மேலே இருக்கும். அதனால் தனி எண்ணை விட இரண்டாம், மூன்றாம் ஃபார்மன்ட்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நம்பகமானது. ழ-விலிருந்து ள-வைப் பிரிக்க இதோடு மெய்யின் விளிம்பையும் பார்க்க வேண்டும்: நாக்கு அண்ணத்தைத் தொடுவதால் படத்தில் சட்டென்று ஒரு வெட்டு விழும், ழ-வில் அப்படி விழாது. ள, ழ இரண்டையும் ஒன்றாகவே உச்சரிப்பவரின் பதிவில் எந்த அளவும் வேறுபாடு காட்டாது.

ஸ, ஷ பிரிக்க இரைச்சலின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் ஆற்றல் சராசரியாகக் குவியும் அதிர்வெண், நல்ல அளவு. ஆனால் பழைய தொலைபேசிப் பதிவென்றால் அதை நம்பாதீர்கள். 3400 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளதெல்லாம் அதில் வெட்டுப்பட்டிருக்கும், ஸ-வின் பலமே அங்கேதான். ழ-வின் சரிவு மட்டும் அதிலும் தப்பித்துவிடும்.