18,500 ரூபாய் செராமிக் பூச்சு: இரண்டு கத்திரி வெயிலுக்குப் பிறகு

என் பழைய சிவப்புக் காரை விற்றபோது, பார்க்க வந்த தரகர் இஞ்சின் சத்தத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. கூரையில் சுட்டுவிரலை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். விரல் நுனியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். குங்குமம் தொட்டதுபோல் சிவப்பு மாவு. "ஐயா, பெயின்ட் செத்துவிட்டது" என்றார். பேசி வைத்த விலையிலிருந்து அந்த ஒரு விரல் எட்டாயிரம் ரூபாயைத் துடைத்துக்கொண்டு போனது. பதினான்கு ஆண்டு வேலூர் வெயில் தின்று மிச்சம் வைத்த வண்ணம் அது.

அந்தச் சூடு ஆறாததால்தான், 2023 இறுதியில் புதிய கார் வந்ததும் அடுத்த மாதமே நகரத்தில் ஒரு கடைக்குப் போய் 18,500 ரூபாய் கொடுத்து, பெயின்டைக் காக்கும் என்று சொல்லி விற்கும் செராமிக் பூச்சு போட்டுக்கொண்டேன். கார் அடர்நீலம். வெள்ளை வேண்டும் என்ற என் மனு வீட்டில் தள்ளுபடியாகிவிட்டது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல. பூச்சு போட்ட மறுநாளே பளபளப்பைப் பார்த்து ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் 2024, 2025 என்று இரண்டு கத்திரி முடியட்டும் என்று காத்திருந்தேன்.

பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் வரைதொழில் அலுவலராக இருந்தவன் நான். அதனால் கடைக்காரத் தம்பி, "சார், இது 9எச் கடினம். கல் பட்டாலும் கீறல் விழாது" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 9எச் என்பது கல்லின் கணக்கு அல்ல, பென்சிலின் கணக்கு. வரைபடப் பென்சில்களில் எச்பி நடுத்தரம், 2எச் சற்றுக் கடினம், 9எச்தான் வரிசையின் கடைசி. பூச்சின் மேல் பென்சிலை 45 பாகையில் சாய்த்து அழுத்தித் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரை கீறவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் எண். என் பழைய பெட்டியில் ஒரு 9எச் கிடந்தது. மறுநாள் எடுத்துப் போனேன்.

கடையில் பாதி பூச்சு போட்ட பழைய பானட் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். தம்பி தாராளமாக, "பாருங்கள் சார்" என்றார். பென்சில் தோற்றது, கோடு விழவில்லை. அடுத்து, வாசலில் இருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்துப் பனியன் துணியில் வைத்து நான்கு முறை தேய்த்தேன். பூச்சு போட்ட பாதி, போடாத பாதி என்ற பேதமில்லாமல் இரண்டிலும் மயிரிழைக் கோடுகள். தம்பி கோபப்படவில்லை. "சார், நீங்கள் எந்த ஆபீஸில் இருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு டீ வரவழைத்தார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அங்கே போட்டேன் என்றும் சொல்லலாம்.

வேலை சுத்தமாக நடந்தது. முதல் நாள் கழுவி, களிமண்போன்ற ஒரு கட்டியால் உருட்டி ஒட்டியிருந்த துகள்களை எடுத்தார்கள். ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டி லேசான பாலிஷ் கொடுத்தார்கள். லேசாகப் போதும் என்று நான் நின்று வற்புறுத்தினேன், காரணம் இருக்கிறது. கடையில் பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி இருந்தது; என் காரின் கதவில் வைத்தபோது 112 மைக்ரான் காட்டியது. நான் பல ஆண்டுகள் கையில் பிடித்த மிக மெல்லிய வரைபேனா 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று காரின் மானம் முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரு பேனாக் கோட்டின் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதில் வெயிலை நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும் கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் அதில்தான் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் போடும்போதும் அதைத்தான் சீவி எடுக்கிறோம். புதுக் காருக்கு வருடாவருடம் ரப்பிங் போடுகிறவர்கள் சொந்தக் குடையில் தாமே ஓட்டை போடுகிறவர்கள்.

செராமிக் பூச்சு இந்தக் கிளியர் கோட்டின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுக்குக் கண்ணாடிபோல் இறுகி உட்காருகிறது. மூலப்பொருள் சிலிக்கா வகை. கழுவுவதற்கு அருமை, அதை மறுக்கமாட்டேன். முன்பு முக்கால் மணி நேரம் பிடித்த வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. சேறு தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஆனால் அவ்வளவு மெல்லிய படலம் வேலூர் வெயிலைத் தடுத்து நிறத்தைப் பல ஆண்டு காக்கும் என்று விளம்பர அட்டையில் இருந்ததை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

என்னை ஏமாற்றியது வேறு. ஜனவரியில் காரின் மேல் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வோமே, அதே அழகு. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏப்ரல் வந்தது. நீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொலவடையே உண்டு. எல்லாருக்கும் ஆழ்துளைக் கிணறுதான், எல்லாம் உப்புத் தண்ணீர்தான். காலை எட்டு மணிக்குக் கார் கழுவிவிட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்காக உள்ளே போய் வந்தேன், பத்து நிமிடம் இருக்கும். பானட்டின் மேல் உருண்டு நின்ற முத்துகள் அத்தனையும் நின்ற இடத்திலேயே காய்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம். நடுவில் தெளிவாக, ஓரத்தில் தடித்து, கோலப்பொடியில் யாரோ நூறு சுழி போட்டதுபோல. பூச்சு இல்லாத காரில் தண்ணீர் பரந்து நிற்கும், மங்கலாகக் காயும். இங்கே சொட்டுச் சொட்டாகக் குவிந்து நின்று, சுண்ணாம்புச் சத்து முழுவதையும் ஒரே வட்டத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. தாமரை இலை குளத்தில் இருக்கிறது, அதற்கு என்ன கவலை!

துடைத்தேன், போகவில்லை. கடைக்குப் போனேன். தம்பி உத்தரவாத அட்டையைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில்: உப்புத் தண்ணீர்க் கறை, பறவை எச்சம், மரப்பால் ஆகியவை உத்தரவாதத்தில் சேரா. நான் எதற்காகப் பணம் கொடுத்தேனோ அவை மட்டும் சேரா. வளையங்களை நீக்கிக் கொடுத்தார்கள், 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு. பிறகுதான் ஒரு மெக்கானிக் சொன்னார்: கறை புதிதாக இருக்கும்போதே சமையல் வினிகரில் தண்ணீர் கலந்து, நிழலில், ஈரத்துணியால் ஒற்றி உடனே கழுவிவிட்டால் போதும். வேலை செய்கிறது. இப்போது விடியற்காலை ஐந்தரைக்குள் கழுவி முடித்துவிடுகிறேன். கடைசி ஒரு குடம் மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீர். "ஏங்க, குடிக்கிற தண்ணீரையா காருக்கு ஊற்றுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

காக்கை எச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அமிலம், அதனால் அரிக்கிறது என்பது பாதிதான். வெயிலில் கிளியர் கோட் சற்று இளகி விரிகிறது. மேலே எச்சம் காய்ந்து கல்லாகிறது. மாலையில் பெயின்ட் சுருங்கும்போது அந்தக் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அச்சு வார்த்ததுபோல் இறுகிவிடுகிறது. பிறகு எச்சத்தை எடுத்தாலும் தடம் நிற்கும். அதனால் கண்டதும் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட வேண்டும், காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. என் கார்க் கூரையில் ஒரு நாணயம் அளவுக்குத் தடம் இருக்கிறது. செராமிக் பூச்சின் மேலேயேதான் விழுந்தது.

இடையில் சில்வர் நிறக் கவர் ஒன்றும் வாங்கினேன், 1,400 ரூபாய். ஒரே கோடையில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்து கூரையில் ஒட்டியது. ஆடிக் காற்றில் கவர் படபடத்து, உள்ளே இருந்த புழுதியை வைத்துக் கதவு ஓரங்களை உப்புத்தாள்போல் தேய்த்தது. கழுவாத கார்மேல் கவர் போடாதீர்கள். எங்கள் தெருப் பூனைக்கு மட்டும் அந்தக் கவர் மிகவும் பிடித்திருந்தது.

டெஃப்லான் பூச்சு 4,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறோம் என்று வேறொரு கடையில் கூப்பிட்டார்கள். டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒட்டாத தோசைக்கல்லில் அதைச் சூளையில் வைத்துத்தான் பிடிக்க வைக்கிறார்கள். காரை எந்தச் சூளையில் வைப்பார்கள் என்று கேட்டேன். பிறகு அழைப்பு வரவில்லை.

காட்பாடியில் இருக்கும் என் சகலை இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். அவருடைய ஒன்பது வயதுக் கார் இன்னும் மின்னுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்னாபா மெழுகு தேய்ப்பார், அவ்வளவே. அந்த மெழுகு பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. காய்ச்சலான வெயிலில் ஓலையின் ஈரம் போகாமலிருக்க மரம் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. ஏறக்குறைய 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். பனை இனத்தின் புத்தியே தனி என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சகலை வீட்டில் கார் நிற்பது கான்கிரீட் போர்ட்டிகோவின் கீழ். அதை அவர் சொல்லமாட்டார், நான்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டில் போர்ட்டிகோ கிடையாது. வடக்குச் சுவரை ஒட்டிக் காரை நிறுத்துவேன், வடபுறம் எப்போதும் நிழல் என்ற நம்பிக்கையில். வரைபடம் போட்டுப் பிழைத்தவன் செய்யக்கூடாத தவறு அது. வேலூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். கத்திரி முழுவதும் என் வடபுறம் வெயிலில்தான் குளித்தது.

2025 பிப்ரவரியில், விவசாயப் பொருள் விற்கும் கடையில் 75 சதவீத நிழல்வலை வாங்கினேன். நாற்றங்காலுக்கும் காய்கறிப் பந்தலுக்கும் கட்டும் அதே பச்சை வலைதான். சதவீதம் என்பது அது மறைக்கும் வெளிச்சத்தின் அளவு. நான்கு இரும்புக் குழாய், வெல்டிங் கூலி, நைலான் கயிறு எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். மே மாதம் ஒரு மதியம் இரண்டு மணிக்கு, ஏசி மெக்கானிக்கிடம் லேசர் வெப்பமானி இரவல் வாங்கி அளந்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய பானட் 71 டிகிரி. வலைக்குக் கீழே நிறுத்திய பிறகு 52. கையை வைத்தால் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று எண்ணும் வரை வைத்திருக்கலாம். காக்கை எச்சம் பெரும்பாலும் வலையிலேயே தங்கிவிடுகிறது. குறை என்றால், முதல் மழையில் வலையில் சேர்ந்த புழுதி சேறாகக் கார்மேல் சொட்டும். மழைக்கு முன் ஒருமுறை குழாய்த் தண்ணீரை மேலே அடித்துவிட வேண்டும்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு: கடையின் வேலைக்கு ஐந்துக்கு நான்கு. பூச்சுக்கு, கழுவுகிற சுகத்துக்காக மூன்று. வெயிலுக்கு என்றால் ஒன்று. அடித்தளத்தில் நிறுத்தும் அடுக்குமாடிக்காரர்கள் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளட்டும். திறந்த வாசலில் நிறுத்துகிறவர்கள் முதல் பணத்தை நிழலுக்குக் கொடுங்கள், அதுவும் மாமரத்து நிழல் வேண்டாம். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் சொட்டும் பிசின் உப்புத் தண்ணீரைவிடக் கொடுமை.

நேற்றுக் கடையிலிருந்து தம்பி அழைத்தார். வருடாந்திரப் பராமரிப்பு, அதே 2,500 ரூபாய், போடாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்றார். நலம் விசாரித்துவிட்டு வைத்தேன். மாலை நாலரைக்கு மேல் மேற்கிலிருந்து வெயில் சாய்ந்து பின்கதவில் விழுகிறது. அந்தப் பணத்தில் வலையை அந்தப் பக்கம் நாலடி இறக்கிக் கட்டலாம். வரைபடம் போட்டுவிட்டேன்.