உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும்? யாரைக் கேட்பது?

ஒரே பால்தான். ஒருவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அரை டம்ளரிலேயே வயிறு உப்பிவிடுகிறது. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது யார் என்பதில்தான் போட்டி: மரபணு சோதனையா, கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரா, சாதாரண ரத்தப் பரிசோதனையா, ஒரு நோட்டும் பேனாவுமா?

அதற்கு முன், ஒரு நாளுக்கு எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று சொல்லும், எல்லாரும் திட்டும் பொது அட்டவணைக்காக ஒரு வார்த்தை. "சராசரி ஆளுக்குப் போட்ட கணக்கு எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பவர்கள் அதை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. பாதிப் பேருக்குப் போதுமான அளவை முதலில் கணக்கிட்டு, ஆரோக்கியமானவர்களில் 97, 98 சதவீதம் பேருக்குப் போதும் என்னும் அளவுக்கு அதை உயர்த்துகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தேவைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அமெரிக்க அட்டவணையில் 19 முதல் 50 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 18 மி.கி. இரும்புச்சத்து, ஆணுக்கு 8, கர்ப்பிணிக்கு 27. வயதும் பாலினமும் பார்த்துப் பிரித்தாயிற்று. நோயும் மாத்திரையும் அதன் கணக்கில் வராதவை.

இப்போது மரபணு சோதனை. ஒற்றை மரபணு ஒரு விஷயத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இது கெட்டி. பீனைல்கீட்டோனூரியா போன்ற பிறவிக் கோளாறுக்கு உணவே மருந்து, அங்கே மரபணு விவரம் உதவும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோயில் ஒருவருக்கு டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் அந்த நோய் அநேகமாக இல்லை என்று சொல்லிவிடலாம். இருந்தால்? ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. அவை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதேயில்லை.

ஆனால் இந்தச் சோதனையை விற்பது வேறு வாக்குறுதிக்காக: "உங்கள் மரபணுவுக்கு மாவுச்சத்தைக் குறைக்கவேண்டுமா, கொழுப்பைக் குறைக்கவேண்டுமா?" ஸ்டான்ஃபோர்டில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 609 பேர், ஓராண்டு, 2018இல் முடிவு வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இளைத்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. ஒரே குழுவுக்குள்ளேயே சிலர் ஏகத்துக்கு இளைத்தார்கள், சிலர் பருத்தார்கள். வித்தியாசம் இருந்தது, ஆனால் யாருக்கு எது என்று அவர்கள் பார்த்த மரபணுக்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 2020இல் வந்த பிரெடிக்ட் ஆய்வில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிடமே ஒரே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் வேறுவேறாக ஏறின. மரபணுவே ஒன்றாக இருந்தும் இப்படி என்றால், எச்சில் மாதிரியை அனுப்பிவிட்டு என்ன எதிர்பார்ப்பது?

சென்சார் ஒருபடி மேல், ஊகிக்காமல் அளக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 800 பேருக்கு அதை ஒட்டிப் பார்த்தபோது, ஒருவருக்கு வாழைப்பழம் சர்க்கரையை ஏற்றியது, இன்னொருவருக்கு பிஸ்கட் ஏற்றியது. படிக்க சுவாரசியம்தான். ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஆளின் உடம்பில் இரண்டு கம்பெனி சென்சார்களை ஒரே சமயத்தில் ஒட்டினார்கள். எந்தச் சாப்பாடு மோசம் என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒட்டியிருக்கும் கையின் மேல் படுத்துத் தூங்கினாலே பொய்யாகக் குறைத்துக் காட்டும். இன்னொரு சிக்கல், அது பார்ப்பது சர்க்கரையை மட்டும். எண்ணெயில் மிதக்கும் பண்டத்துக்கும் கோடு சமர்த்தாகப் படுத்திருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இது வரம். மற்றவருக்கு இரண்டு வாரப் பொழுதுபோக்கு.

ரத்த வகைப்படி சாப்பிடுவது போட்டியிலேயே இல்லை. "உணவு ஒவ்வாமை" என்று நூறு பொருட்களுக்குச் சிவப்பு, பச்சை போட்டுத் தரும், ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை அளக்கும் சோதனையும் அப்படித்தான். அந்த எதிர்ப்புரதம் பெரும்பாலும் நீங்கள் அடிக்கடி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதை வேண்டாம் என்கின்றன.

சத்துக் குறைபாடு என்றால் என் ஓட்டு சலிப்பூட்டும் அந்த ரத்தப் பரிசோதனைக்குத்தான். ஃபெரிட்டின் இரும்பின் இருப்பைச் சொல்லும் (உடம்பில் அழற்சி இருந்தால் உயர்த்திக் காட்டும், கவனம்). ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர், விலங்கு உணவை அறவே தவிர்ப்பவர், முதியவர் பி12 பார்ப்பது நல்லது. சீலியாக் சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்தும் முன்பே ரத்தம் கொடுங்கள். நிறுத்திவிட்டுப் போனால் சோதனையில் தெரியாமல் போகலாம்.

வயிறு உப்பல், வலி, ஓட்டம் என்றால் ரத்தம் பெரும்பாலும் வாய் திறக்காது. அங்கே நோட்டுதான். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் முறையின் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்து வகைகளுக்கு அந்தப் பெயர்) அடிப்படை இது: சந்தேகப்படும் வகைகளை இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்துவது, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. பலர் முதல் பாதியில் வயிறு லேசானதும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தேவையில்லாமல் பத்து உணவை இழந்து, சத்தும் குறைந்து, குற்றவாளி யாரென்றும் தெரியாமல். தன்னைப் பட்டினி போடுவது, அளவுமீறிச் சாப்பிடுவது போன்ற உணவுக் கோளாறால் முன்பு அவதிப்பட்டவர்கள் இதைத் தனியாகச் செய்யவே கூடாது, உணவியல் நிபுணர் பக்கத்தில் வேண்டும்.

நோட்டின் பலவீனம் எழுதுபவரின் மனசு. பால் ஆகாது என்று நம்பிவிட்டால் பாலைப் பார்த்ததுமே வயிறு கடகடக்கும். அதற்கு வழி இருக்கிறது: லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பாலையும் சாதாரணப் பாலையும் ஒரே மாதிரி டம்ளரில், எது எந்த நாள் என்று சொல்லாமல், வீட்டில் இன்னொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் தித்திக்கும், அதனால் இரண்டிலும் கோகோ கலந்துவிடச் சொல்லுங்கள். எட்டு நாள் போதும்.