பழைய இன்ஜின் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: 1,40,000 ரூபாய் போன கதை

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பழைய இன்ஜின் தேடி அலைகிற நம் ஆட்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தாமதித்தால்கூடப் போதும்.

அப்பாவின் வண்டி 1962 மாடல் வில்லிஸ் பிக்கப். கிருஷ்ணகிரியில் எங்கள் தோப்பு மாங்காயை மண்டிக்குக் கொண்டுபோன வண்டி. அதில் இருப்பது ஹரிக்கேன் என்கிற நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர். இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்று பாதி அந்தக் காலம், பாதி இந்தக் காலமாக இருக்கும். அந்தக் காலக் கணக்குப்படி 75 குதிரைத்திறன். எங்கள் வண்டியில் கடைசியாக எத்தனை குதிரை உயிரோடு இருந்தது என்று தெரியாது, லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூடத் தராது, ஹொசூர் ரோடு மேம்பாலத்தில் ஏறினால் பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். அதனால் ஸ்கார்ப்பியோவில் வரும் எம்ஹாக் டீசல் இன்ஜினை ஏற்றலாம் என்று முடிவு செய்தேன். அதுவும் நாலு சிலிண்டர், 2179 சிசி, அளவில் பார்த்தால் கிட்டத்தட்ட அதே 2.2 லிட்டர்தான், ஆனால் 120 குதிரை. இந்த ஒற்றுமையை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி பெருமைப்பட்டேன். இப்போது என் மனைவி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் எல்லாம் இரண்டு வாரம் சுற்றினேன். எங்கு போனாலும் இன்ஜின் மட்டும் தருகிறேன் என்பார்கள், ஈ.சி.எம். (இன்ஜினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டி) இல்லை, வயரிங் இல்லை, சாவி இல்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சுகிற காமன் ரெயில் இன்ஜினுக்கு அதெல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்து வராவிட்டால் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு ஸ்டார்ட் ஆகவே விடாது. அப்போதுதான் பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு ஆப்பில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டி, இன்ஜின், கியர்பாக்ஸ், ஈ.சி.எம்., வயரிங், சாவி முழு செட், 1,40,000 ரூபாய். ஊருக்கு வெளியே ஒரு குடோன். பெயரும் ஏரியாவும் போடவில்லை, போட்டால் என் மேலேயே கேஸ் போடுவார்கள் என்று வக்கீல் நண்பர் சொன்னார்.

போனதும் அந்த ஆள் தமிழில் ஆரம்பித்தார். "நம்ம ஆம்பூர் பக்கம்தாண்ணே, உக்காருங்க, டீ சொல்றேன்." சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் இந்த வியாதி போகவில்லை. இன்ஜினை ஒரு இரும்பு ஸ்டாண்டில் வைத்து பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்து காட்டினார். முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை இல்லை, சத்தம் சீராக இருந்தது, ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ஆவி வரவில்லை. வீடியோவும் எடுத்தேன்.

என்னை விழ வைத்தது அடுத்து நடந்ததுதான். நான் கேட்காமலேயே அவர் சொன்னார், "மாத்தி அனுப்பிடுவாங்களோன்னு நெனப்பீங்க. நீங்களே ஒரு அடையாளம் போட்டுட்டுப் போங்கண்ணே." ஒரு பையன் பனியன் துணியால் பிளாக்கின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டான், மஞ்சள் பெயின்ட் பேனா கொடுத்தார்கள். விளையாட்டாக "ழ" என்று எழுதினேன், அதையும் வீடியோவில் பிடித்தேன். "இத யாரும் காப்பி அடிக்க முடியாதுண்ணே" என்று அவரே சிரித்தார். அங்கேயே நின்று 40,000 ஜிபே செய்தேன். மீதி ஒரு லட்சம் டெலிவரி அன்று பணமாக.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனி, இரவு ஏழரைக்கு குட்டியானையில் வந்தது. நீல தார்பாய் போர்த்தி, கயிறு கட்டி. டிரைவர் இறங்கும்போதே அவசரப்படுத்தினான், வண்டியைத் திருப்ப வேண்டும், பின்னால் ஆட்டோ நிற்கிறது, சீக்கிரம் சார். டார்ச் அடித்து "ழ"-வைத் தேடினேன், மஞ்சளாக இருந்தது. கட்டை விரலால் தடவினேன், பிசுபிசுவென்று ஒட்டியது. நான்கு நாளுக்கு முன்னால் எழுதிய பெயின்ட் எப்படி ஒட்டும் என்று அந்த இடத்தில் நின்று யோசிக்காமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரு லட்சத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்தக் கறை இன்னும் பேன்ட்டில் இருக்கிறது.

ஹலசூரில் என் மெக்கானிக் அண்ணன் திங்கட்கிழமை செயின் பிளாக்கில் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க க்ளோ பிளக் துவாரத்தில் மீட்டர் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினார். மற்ற மூன்று சிலிண்டரும் 25-க்கு மேல் காட்டின, மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 11-ஐத் தாண்டவில்லை. சம்ப்பை (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கழற்றினால் உள்ளே கறுப்புச் சேற்றில் ஜிகினா தூவியது போல உலோகத் துகள், பேரிங் தேய்ந்து உதிர்ந்தது. ஈ.சி.எம். வேறு வண்டியுடையது, சாவி எதற்கும் சேரவில்லை. அப்புறம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். கிரைண்டர் ஓட்டி மேலே கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தது. "தம்பி, இது திருட்டு வண்டியோடதா இருந்தா? இத என் ஷெட்ல வைக்கவே பயமா இருக்கு" என்றார்.

அப்போதுதான் போனில் இருந்த வீடியோவை நிறுத்தி "ழ"-வைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் "ழ"-வில் கீழ்ச் சுழி நீண்டு இழுத்திருக்கும். வந்த இன்ஜினில் இருந்தது "ம"-வுக்கு வால் வைத்தது போல ஒன்று. அதை வரைந்தவனுக்குத் தமிழ் தெரியாது.

அதைவிடக் கொடுமை, இன்ஜின் வருகிறது என்ற நம்பிக்கையில் சனிக்கிழமை மதியமே அப்பா வண்டியின் சேஸிஸில் பழைய இன்ஜினைத் தாங்கிய மவுண்டைக் கட்டிங் வீலால் அறுத்துவிட்டோம். அண்ணன் இரண்டு தடவை கேட்டார், அறுக்கட்டுமா என்று. நான்தான் அறுங்கள் என்றேன்.

சரி, போன் செய்தால்? முதல் நாள், "டிரைவிங்ல இருக்கேண்ணே, அப்புறம் கூப்பிடுறேன்." இரண்டாம் நாள், உங்க மெக்கானிக்குக் காமன் ரெயில் தெரியாது, டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். டீசலே ஊற்றவில்லை என்று சொன்னேன், லைன் கட். மூன்றாம் நாள் வேறொரு குரல், ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார், நான் வேலைக்காரன். நேரில் போனேன். அதே ஆள், அதே ஸ்டூல். என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தமிழு பரல்ல சார், கன்னடதல்லி மாத்தாடி." தமிழ் வராதாம், கன்னடத்தில் பேச வேண்டுமாம். எனக்கு டீ வாங்கித் தந்த ஆம்பூர்க்காரர்! எனக்குக் கன்னடம் பேச வரும், பேசினேன், அதற்குள் நான்கு பேர் சூழ்ந்துவிட்டார்கள்.

ஆப்பில் புகார் கொடுத்தால், நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது. ஸ்டேஷனில் பில் கேட்டார்கள். பில் கன்னடத்தில் கையால் எழுதியது, எனக்குப் படிக்க வராது, அதனால் வாங்கும்போது பார்க்கவே இல்லை. ரைட்டர் படித்துக் காட்டினார்: "ஹளே கப்பிண", பழைய இரும்பு, 18,000 ரூபாய். 1,40,000 கொடுத்தவனுக்கு 18,000-க்குப் பில். "பழைய இரும்புன்னு போட்டிருக்கு, பழைய இரும்புதானே வந்திருக்கு" என்று அவர் நக்கலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியவில்லை. ஜிபே செய்த 40,000-க்கு மட்டும் சைபர் குற்ற உதவி எண் 1930-இல் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். கன்ஸ்யூமர் கோர்ட்டில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்கிறார்கள், ஆனால் இந்த பில்லை வைத்து என்ன வாதாடுவது.

விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. இன்ஜின் நம்பரைப் போட்டோ எடுங்கள், பெயின்ட் அடையாளத்தை நம்பாதீர்கள். அந்த நம்பர் உள்ள ஆர்.சி. நகல் கையில் வராமல் ஒரு ரூபாய் தராதீர்கள். இருட்டில் டெலிவரி எடுக்காதீர்கள். பில்லைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய மவுண்டை அறுக்காதீர்கள். இன்னொன்று, நானே தாமதமாகத் தெரிந்துகொண்டது: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றக் கூடாது, வேறு ரக இன்ஜின் என்றால் அனுமதி கிடைப்பதே பெரிய பாடு. முதலில் அங்கே போய்க் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று மெக்கானிக் சொன்னால், என் மெக்கானிக்கும் அப்படித்தான் சொன்னார்.

நேற்று இரவு அந்த ஆப்பை மறுபடி திறந்தேன். வேறு பெயரில், வேறு நம்பரில் ஒரு விளம்பரம், எம்ஹாக் முழு செட், 1,35,000. அதே இரும்பு ஸ்டாண்ட். மூன்றாவது படத்தில் பிளாக்கின் பக்கவாட்டைத் துடைத்திருக்கிறார்கள், ஆனால் சரியாகத் துடைக்கவில்லை, சுழியின் வால் மஞ்சளாகத் தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் யாராவது அங்கே போய் டீ குடித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.