நுண்ணோக்கிப் பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் நம் வீட்டு வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி, ஏழு தங்கமீன். திடீரென்று எல்லாம் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு பாய ஆரம்பித்தன, ஆனால் ஒரு வெள்ளைப்புள்ளிகூட இல்லை. மருந்து விற்கிற ஒரு கடையில் கேட்டால், மீனைப் பார்க்காமலேயே "வெள்ளைப்புள்ளி நோய்தான் அண்ணே, இதை ஊத்துங்க" என்று ஒரு நீல மருந்தைக் கொடுத்தான் பையன். இரண்டு போத்தல் தீர்ந்தது, இரண்டு மீனும் போயின.

அப்புறம்தான் கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முதலில் வாங்கியது கணினியில் செருகுகிற குச்சி மாதிரி நுண்ணோக்கி, விலை 38 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பெட்டியில் '1000 மடங்கு' என்று கொட்டை எழுத்து. செதில் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அது இப்போது என் மகளுக்கு எறும்பு பார்க்க.

இரண்டாவது, பள்ளிக்கூட ரக நுண்ணோக்கி, 260 வெள்ளி. 40, 100, 400 மடங்கு, கீழே எல்.இ.டி. விளக்கு. இதைத்தான் சொல்ல வந்தேன். உயிருள்ள மீனை ஈரக்கையால் பிடித்து, கவர் கிளாஸின் (சிலைடை மூடுகிற மெல்லிய கண்ணாடிச் சில்லு) விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக லேசாக வழித்து, அந்த வழுவழுப்பைக் கண்ணாடிச் சிலைடில் வைத்து, தொட்டித் தண்ணீரையே ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் குளோரினில் மீன்மேல் ஒட்டியிருக்கும் பூச்சிகள் செத்துவிடும். செத்த மீனில் தேடுவதும் வீண், அவை சீக்கிரமே கழன்றுபோய்விடும்.

40 மடங்கிலேயே தெரிந்துவிட்டது: அரை மில்லிமீட்டர் புழு, ஒரு முனையைக் கொக்கியால் ஊன்றிக்கொண்டு மறுமுனையால் துழாவுகிறது. 100-க்கு மாற்றினால் ஊன்றிய முனையின் நடுவில் இரண்டு பெரிய கொக்கி, சுற்றி 16 சின்னக் கொக்கி, வயிற்றுக்குள் இன்னொரு ஜோடிக் கொக்கி! கைரோடாக்டைலஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு. இது முட்டை போடாது, குட்டி போடும். அந்தக் குட்டி பிறக்கும் முன்பே அதன் வயிற்றில் அடுத்தது வளர்ந்துகொண்டிருக்கும். நள்ளிரவில் மனைவியை எழுப்பிக் காட்டினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளைப்புள்ளி நோயைக் கொடுப்பது ஒற்றைச் செல் உயிரி, இது தட்டைப்புழு. இதற்கு பிராசிகுவாண்டெல் என்ற புழு மருந்து வேண்டும். தண்ணீரில் லேசில் கரையாது, குலுக்கிக் குலுக்கிக் கை வலித்தது. செவுளில் இருக்கிற, முட்டை போடுகிற டாக்டைலோகைரஸ் என்ற இன்னொரு புழு என்றால் முட்டை தப்பிவிடும், மறுபடி மருந்து போட வேண்டும். என் தொட்டியில் அது இல்லை. நாலாம் நாள் உரசல் நின்றது.

குறையும் உண்டு. சிலைடை நகர்த்தத் திருகு கிடையாது, விரலால்தான் தள்ள வேண்டும், 400-ல் தொட்டாலே புழு ஓடிவிடும். கூடவே வந்த கைப்பேசித் தாங்கி சுத்தக் குப்பை. ஒன்றிரண்டு கப்பி மீன் மட்டும் வளர்ப்பவருக்கு இது தேவையில்லை. கோய், தங்கமீன் என்று காசைக் கொட்டுபவர்கள் மருந்துக்கு முன்னால் இதை வாங்குங்கள். ஐந்துக்கு நாலு, அந்தத் திருகு இருந்திருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன்.