அப்பா ஒப்புக்கொண்ட போலீஸ்

அப்பா ஏட்டாக இருந்தவர். கடத்தல் படத்தில் போலீஸ் வண்டி சைரனோடு பாய்ந்தால், "புள்ள உயிரோட கிடைக்கணும்னா இப்படியா போவாங்க?" என்று கொதிப்பார். அவரோடு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் கடத்தல் படம் 'ஹை அண்ட் லோ' (1963) பார்த்தேன். யோகோஹாமா போலீஸ், கடையிலிருந்து சாமான் கொண்டுவருபவர்கள் போல, மிரட்டல் போன் வந்த வீட்டுக்குள் வருகிறது. கடத்தியவன் பணத்தை ஓடும் ரயிலிலிருந்து போடச் சொல்கிறான். ரயில் ஜன்னல் திறப்பது 7 செ.மீ. மட்டும், அந்த இடுக்கில் 3 கோடி யென் வெளியே விழுவதைத் தடுக்க முடியவில்லை. அப்புறம்தான் அசல் வேலை. கடத்தியவன் பேசிய போன் பதிவில் பின்னால் கேட்கும் ரயில் சத்தத்தை ரயில்வே ஊழியரிடம் போட்டுக் காட்டுகிறார்கள். எந்தத் தடம் என்று அவர் சொல்லிவிடுகிறார். அப்பா அசையவே இல்லை. பெரிய தண்டனை வாங்கித்தர போலீஸ் குற்றவாளியை உலவ விடுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அதில் ஒரு பெண்ணின் உயிர் போகிறது.