ஆர்எக்ஸ் 100, ஆர்டி 350, யெஸ்டி, ஷோகன்: நேர்கோட்டு வேகத்துக்கு எந்த டூ-ஸ்ட்ரோக்?

பழைய டூ-ஸ்ட்ரோக் ஒன்றை நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்குத் தயார் செய்யப் போகிறேன், எதை எடுக்கலாம் என்று கேட்கிற எல்லாரும் பிஎச்பியில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் எஞ்சின் பிளாக்கில் தொடங்கச் சொல்வேன். சிலிண்டர் இன்னும் ஸ்டாண்டர்ட் போரில் (கம்பெனி வைத்த உள்விட்டத்தில்) இருக்கிறதா, தேய்ந்ததைக் கடைந்து எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

காரணம் எளிது. அமெரிக்காவின் பானவில் உப்புத் தரையில் நடக்கும் பந்தயங்களில் வண்டிகளை 50, 100, 125, 175, 250, 350 சிசி என்று வகுப்பு பிரித்துத்தான் சாதனை எழுதுகிறார்கள். நம்ம ஊர் வண்டிகள் அந்த எல்லைகளை ஒட்டியே நிற்கின்றன. ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 50 மி.மீ., கணக்குப் போட்டால் 98.2 சிசி. ரீபோர் செய்து முதல் ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது 0.25 மி.மீ. பெரியது போட்டால் 99.2. அதற்கடுத்த 0.50 போட்டால் 100.1, அதாவது வகுப்பை விட்டு வெளியே வந்து 125 சிசி வண்டிகளோடு மோத வேண்டும். ஆர்டி 350 இன்னும் மோசம்: 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், மொத்தம் 347.4 சிசி, முதல் 0.25-லேயே 350.15 ஆகிவிடும். யெஸ்டியும் அப்படித்தான், 65-க்கு 75 என்றால் 248.9, ஒரு ரீபோரில் 250.8. முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டிகள் இவை. பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு வண்டி நல்ல விலைக்குக் கிடைத்து, லேத்துக்காரர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு "அண்ணா, இது ஏற்கெனவே எழுபத்தஞ்சுல நிக்குது" என்றால், அதாவது 0.75 வரை கடைந்தாகிவிட்டது என்றால், ரோட்டில் ஓட்ட அது நல்ல வண்டிதான், சாதனைக்கு ஆகாது.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன், ஆர்எக்ஸ்-இல் அதிக நேரம் நிற்பேன்.

யமஹா ஆர்எக்ஸ் 100, 1985 கடைசியில் வந்து 1996 வரை விற்ற வண்டி, 11 பிஎச்பி, நூறு கிலோவை ஒட்டிய எடை, உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வு. ஐம்பதுக்கு ஐம்பது என்ற சதுர அளவுதான் இதன் பெரிய பலம். 10,000 ஆர்பிஎம்மில் ஓட்டினாலும் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.7 மீட்டர், நல்ல கிராங்க், நல்ல ராட் பேரிங் போட்ட எஞ்சின் இதைத் தாங்கும். அப்புறம், ஒற்றைச் சிலிண்டர், ஒடிசலான உடம்பு, காற்றில் குறைவாக மோதுகிற வண்டி. இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வேகம் ஏற ஏற, காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் x வேகம் x வேகம்) ஏறுகிறது. எஞ்சின் சக்தியை இரண்டு மடங்காக்கினால்கூட வேகம் 26 சதவீதம்தான் கூடும். ஆனால் தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், டேங்க் மேல் மார்பு படியப் படுக்கும் சீட் என்று காற்றுத் தடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், எஞ்சினில் கை வைக்காமலே ஏழு சதவீதத்துக்கு மேல் வேகம் வரும். சிலிண்டரின் துவாரங்களைச் செதுக்கும் போர்ட்டிங்குக்குப் பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சைலன்சர் இருந்த இடத்தில் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற, நடுவில் பருத்த புகைக்குழாய் வரும். இதன் சூட்சுமத்தை 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் ஆலையில் பொறியாளர் வால்டர் காடன் கண்டுகொண்டார். வெளியேறும் புகையின் அலை பின்கோனில் மோதித் திரும்பி, தப்பிப்போன புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். 1961-லேயே அவருடைய 125 சிசி எஞ்சின் 25 பிஎச்பி கொடுத்தது. அலை சரியான நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதால் நீளம்தான் எல்லாம். எக்ஸாஸ்ட் போர்ட் 190 டிகிரி திறந்திருக்கிறது, உச்ச சக்தி 10,000-த்தில் வேண்டும் என்றால், போர்ட் முகத்திலிருந்து அலை திரும்பும் இடம் வரை சுமார் 820 மி.மீ. அதே எஞ்சினுக்கு 9,000-த்தில் வேண்டும் என்றால் 910-ஐ ஒட்டி. கடையில் தொங்குகிற ரெடிமேட் பைப் எந்த ஆர்பிஎம்முக்கு அடித்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ஷீட் மெட்டல் வேலையும் ஆர்கான் வெல்டிங்கும் தெரிந்த பட்டறைகள் ஏராளம், வரைபடம் கொடுத்தால் கோனை உருட்டித் தந்துவிடுவார்கள். இந்த வசதி பல மாவட்டங்களுக்குக் கிடையாது.

ஆர்எக்ஸ்-இன் குறை அதன் நாலு கியர். கூர்மையாக ட்யூன் செய்த எஞ்சினில் மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது ஆர்பிஎம் விழுந்து, சேம்பர் வேலை செய்யும் எல்லைக்குக் கீழே போய்விடும், அப்புறம் வண்டி ஏறவே ஏறாது. அதனால்தான் தெரிந்தவர்கள் ஆர்எக்ஸ் 135-இன் ஐந்து கியர் பாக்ஸைத் தேடுகிறார்கள். 135-ஐ முழு வண்டியாக எடுத்தால் என்ன என்று கேட்டால், 132 சிசி 125-ஐத் தாண்டிவிடுகிறது, 175 வகுப்பில் 43 சிசி குறைவோடு நிற்க வேண்டும். கியர் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ராக்கெட் கணக்கும் இதோடு: 2.75-18 பின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.87 மீட்டர். 140 கி.மீ. வேகத்தில் 9,500 ஆர்பிஎம் வேண்டுமென்றால் டாப் கியரில் மொத்த விகிதம் ஏழரைக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். டயரின் வேகக் குறியீட்டையும் பாருங்கள், பி என்றால் 150, எஸ் என்றால் 180, எச் என்றால் 210 கி.மீ. வரைதான்.

ஆர்டி 350 வேறு உயரம். எஸ்கார்ட்ஸ் ராஜ்தூத் பெயரில் 1983-லிருந்து தயாரித்தது. ஹை டார்க் என்ற வகை 30.5 பிஎச்பி, லோ டார்க் என்ற வகை 27, ஆறு கியர். எனக்கு இந்த வண்டி மேல் தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணம் அதன் சத்தம் மட்டுமல்ல. யமஹாவின் 350 சிசி இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இரண்டை ஒரே கூட்டுக்குள் வைத்துத்தான் அமெரிக்கப் பந்தய வீரர் டான் வெஸ்கோ 1970-ல் பானவில்லில் மணிக்கு 251.66 மைல் போனார். 1975-ல் இரண்டு டிஇசட் 750 எஞ்சின்களோடு 300 மைலைத் தாண்டிய முதல் மோட்டார் சைக்கிளும் அவருடையதே. அந்தக் குடும்பத்து எஞ்சின் நம் ஊர் ஷெட்டில் நிற்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதைக் கட்டுவது கஷ்டம். அழுத்திப் பொருத்திய கிராங்க், பிரித்தால் மறுபடி நேராக்கத் தெரிந்த கை வேண்டும், அதற்கு பெங்களூரு போக வேண்டியிருக்கும். பல வருடம் நின்ற வண்டியில் கிராங்க் சீல் காய்ந்து காற்று உள்ளே இழுக்கும், ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைந்து லீனாகி, முழு த்ராட்டிலில் பிஸ்டன் ஒட்டி சீஸ் ஆகும். அதனால் எஞ்சினை மூடி, காற்றழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று சோதிக்காமல் ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். கார்புரேட்டர் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். நம் நாட்டு ஆர்டிக்கு முன்பக்கமும் ட்ரம் பிரேக்தான், 160 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 44 மீட்டர் ஓடும் வண்டியை நிறுத்த அதை நம்ப முடியாது. விலையும் பல லட்சம்.

யெஸ்டி ரோட்கிங். மைசூர் ஐடியல் ஜாவா, 250 சிசி, 16 பிஎச்பி, கிக்கரே கியர் லீவர். இதை நேசிப்பவர்கள் கோபப்பட வேண்டாம், ஆனால் 75 மி.மீ. ஸ்ட்ரோக் இந்த வேலைக்கு எதிரி. ஆர்எக்ஸ் 10,000-த்தில் அடையும் பிஸ்டன் வேகத்தை யெஸ்டி 6,700-லேயே அடைந்துவிடுகிறது, அதற்கு மேல் கேட்டால் கிராங்க்கும் ராடும் பதில் சொல்லும். ரீட் வால்வும் இல்லை. ஒரே சிலிண்டருக்கு இரண்டு எக்ஸாஸ்ட் என்பதால் சேம்பரும் இரண்டு அடிக்க வேண்டும். மேட்டில் இழுக்கும், சுமை தாங்கும், தொப்பூர்க் கணவாயில் சலிக்காமல் ஏறும். வேகச் சாதனைக்கு இரண்டாம் வண்டியாக மட்டும்.

சுசுகி ஷோகன் நம் பகுதி வண்டி, ஓசூர் டிவிஎஸ் ஆலையின் பெயரோடு வந்தது. 108 சிசியில் 14 பிஎச்பி, கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே ஆர்எக்ஸ்-ஐவிட மேல். 125 வகுப்பில் 17 சிசி குறைவு என்பது பாதகம், ஆனால் இந்த நாலில் பலமுறை ரீபோர் செய்தாலும் வகுப்பை விட்டு வெளியேறாத ஒரே வண்டி இதுதான். உதிரிபாகம் ஆர்எக்ஸ் போல எங்கும் கிடைக்காது. ஓசூர்ப் பக்கம் பழைய ஸ்டாக் வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் நான் இதைத் தயங்காமல் எடுப்பேன். ராஜ்தூத் 175 பால்கேன் சுமக்கப் பிறந்தது, அதை விட்டுவிடுங்கள்.

எதை எடுத்தாலும் நம் பகுதிக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரம், தர்மபுரி அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். ஓசூரின் மெல்லிய காற்றுக்குச் சரியாக வைத்த மெயின் ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துவாரம்) தர்மபுரிக்கு இறங்கி முழு த்ராட்டில் திறந்தால், காற்று அடர்ந்து கலவை லீனாகி, பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்கும்போது ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து எஞ்சினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்த்த பிறகே மேலே போகலாம். பங்க்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையை லீன் பக்கமே தள்ளும். ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல்.

ஓட்ட இடம்? நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம், 44-ல் லாரிக்கு அடியில் போன பிள்ளைகள் போதும். கோடையில் வற்றிய ஏரியும் உப்புத் தரை ஆகாது, வெடிப்பும் கருவேல முள்ளும்தான். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கிளப்புகளின் கூட்டமைப்பு) அனுமதியோடு விமான ஓடுதளத்தில் போட்டி நடக்கும்போது பெயர் கொடுப்பதே வழி. சோழவரத்தில் பழைய ஓடுதளத்தில் ஒரு தலைமுறையே பந்தயம் ஓட்டிய ஊர்தானே நம்முடையது.

முதல் வண்டி என்றால் என் ஓட்டு ஆர்எக்ஸ் 100-க்கு. பாகம் கிடைக்கும், ஒரு பிஸ்டன் போனாலும் மீண்டுவிடலாம், கற்றுக்கொள்வதற்கு ஒரே ஒரு கார்புரேட்டர். அதில் ஜெட்டும் ப்ளக்கும் கைக்குப் பழகிய பிறகு ஆர்டி. வாங்கப் போகும்போது விற்பவரிடம் கேட்டு ஹெட்டைத் திறந்து பாருங்கள். பிஸ்டன் தலையில் 25, 50, 75 என்று ஓவர்சைஸ் பொறித்திருக்கும். எண் எதுவும் இல்லாவிட்டால் போர் கேஜை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் வைத்து அளந்துவிட்டு, ஆர்எக்ஸ்-இன் ஸ்டாண்டர்ட் 50 மி.மீ.-ஐ விட்டு அதிகம் விலகாமல் இருந்தால் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.